ஒத்திகையில் காணாமல் போனவள்

எங்கள் குடியிருப்பில் எந்த வீட்டில் என்ன நடந்தாலும் அது முதலில் என் காதுக்கு வந்த பிறகுதான் அந்த வீட்டுக்காரர்களுக்கே தெரியும் என்று ஒரு பேச்சு உண்டு. பொறாமையில் சொல்வது. இரண்டாம் மாடி, மூலை வீடு, இரண்டு பக்கமும் பால்கனி. கண் இருப்பவர் யாரும் பார்க்கத்தான் செய்வார்.

பல்கலைக்கழகம் பயந்துபோனதையும் அங்கே நின்றுதான் பார்த்தேன். முன்பெல்லாம் காலநிலை மாற்றம் என்றால் ஒரு கருத்தரங்கு, அதற்கு ஒரு பை, பைக்குள் ஒரு பேனா, மதியம் சாப்பாடு. ஆண்டுதோறும் ஒரு மரக்கன்று நடுவார்கள். அதுவும் ஒரே குழியில். அந்தக் குழிக்குப் பக்கத்தில்தான் படம் பிடிக்க நல்ல வெளிச்சமாம். பிறகு ஒரு கோடையில் தேர்வுக் கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக மயங்கி விழுந்தார்கள். அதே ஆண்டு, மழைக்கு வேலையே இல்லாத மாதத்தில் ஆறு கரையேறி வந்து தாவரவியல் துறையின் தோட்டத்தை அள்ளிக்கொண்டு போனது. தோட்டக் காவலாளியும் அதோடு போனார். அவருடைய மிதிவண்டி மட்டும்தான் கிடைத்தது.

அதற்கப்புறம் தூறல் விழுந்தாலே குடியிருப்பில் யாரும் விளக்கை அணைப்பதில்லை. பெரிய பெரிய பேராசிரியர்கள் லுங்கியோடு பால்கனிக்கு வந்து ஆற்றுப் பக்கம் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். நான் அவர்களைப் பார்ப்பேன். சிரிப்பு வரும். ஆனால் உள்ளே போய் நானும் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரண்மேல் ஏற்றி வைத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பயம் வந்தால் வேறு ஊர்க்காரர்கள் என்ன செய்வார்களோ தெரியாது, இவர்கள் குழு அமைப்பார்கள். அமைத்தார்கள். குழுவுக்குள் துணைக்குழு, துணைக்குழுவுக்குள் மனத்தாங்கல். எல்லோரும் கடைசியில் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் வெள்ள ஒத்திகை. சங்கு ஊதியதும் எல்லோரும் மேல்மாடிக்கு ஓட வேண்டும். சிலர் காயம்பட்டவர்களாகவும் சிலர் பிணமாகவும் நடிக்க வேண்டும். மூன்று பேர் காணாமல் போனவர்களாக எங்காவது ஒளிந்துகொள்ள வேண்டும். மாணவர்கள் அவர்களைத் தேடிக் காப்பாற்ற வேண்டும்.

இதை வடிவமைக்கும் பொறுப்பு என் பக்கத்து வீட்டுப் புள்ளியியல் பேராசிரியரிடம் வந்தது. அவருக்குக் குடியிருப்பில் சராசரி என்று பெயர். உயரமும் சராசரி, குரலும் சராசரி, ‘உடம்பு எப்படி இருக்கிறது’ என்று கேட்டாலும் ‘சராசரியாக நல்லாயிருக்கு’ என்பார். நல்ல மனிதர்தான். ஆனால் எதையும் ஆராய்ச்சியாக்காமல் விடமாட்டார். ஒத்திகை வெறும் ஒத்திகையாக இருந்துவிட்டால் அவருக்கு என்ன மரியாதை? அதனால் விதிகள் போட்டார். ஒளிந்திருப்பவர்கள் இருக்கும் இடம் யாருக்கும் தெரியக் கூடாது, அவருக்கே தெரியக் கூடாது. தெரிந்தால் அவர் முகத்தைப் பார்த்தே மாணவர்கள் கண்டுபிடித்துவிடுவார்களாம், முடிவு பிசகிவிடுமாம். செல்போனை ஒப்படைத்துவிட வேண்டும். சங்கு ஊதியதும் உயிருக்குப் போராடுவதுபோல் கத்த வேண்டும். வளாகத்தை நான்காகப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குழு. ஒரு குழு அடுத்த குழுவின் பகுதியில் கைவைத்தால் மதிப்பெண் போய்விடும்.

காணாமல் போக ஆள் கிடைக்கவில்லை. விடுதி மாணவி ஒருத்தி வந்தாள், இயற்பியல் துறை உதவியாளர் ஒருவர் வந்தார். மூன்றாவது இடத்துக்கு யாரும் வராததால் சராசரி தன் மனைவியையே போட்டார்.

அவள் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறாள். எல்லோருக்கும் நூலகத்து அக்கா. என்னைவிட இளையவள்தான், இருந்தாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். விதி என்றால் விதிதான் அவளுக்கு. வாசிப்பு அறையில் செருமிய குற்றத்துக்காகத் துணைவேந்தரையே வெளியே போய்ச் செருமிவிட்டு வரச் சொன்னவள். எங்கள் இரண்டு வீட்டு அடுப்படிக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். ஒத்திகைக்கு முந்தின நாள் அவள் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“நான் எங்க ஒளியப் போறேன்னு உங்களுக்கு மட்டும் சொல்லட்டுமா?”

“வேண்டாம், வேண்டாம். சொல்லாத.”

“கட்டின புருஷனுக்குக்கூடவா?”

“புருஷனுக்குத்தான் முக்கியமாச் சொல்லக் கூடாது.”

அவள் சிரித்தது கேட்டது. அப்புறம் குக்கர் விசில் வந்து மற்றதைக் கெடுத்துவிட்டது.

சனிக்கிழமை மதியம். காலையிலிருந்தே வானம் இருட்டிக்கொண்டிருந்தது. ஒத்திகைக்கு ஏற்ற சூழ்நிலை என்று எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி. மைதானத்தில் பந்தல் போட்டுத் துணைவேந்தரை உட்கார வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் நிர்வாக அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அவருக்குப் பிண வேடம் கிடைத்தது. நாற்காலியில் இருபது வருடம் செய்த பயிற்சி வீண்போகவில்லை என்று நான் சொன்னதற்கு அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு மைதானத்தின் கோடியில் பிளாஸ்டிக் விரிப்பில் படுத்தவர், நிஜமாகவே தூங்கிப்போனார்.

அக்கா ஒரு பிளாஸ்கும் சால்வையும் எடுத்துக்கொண்டு கிளம்புவதைப் பால்கனியிலிருந்து பார்த்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கையாட்டிவிட்டு நூலகத்துப் பாதையில் திரும்பினாள்.

சங்கு ஊதியது. பிள்ளைகள் மஞ்சள் மேல்சட்டையோடு நாலா பக்கமும் ஓடினார்கள். மதிப்பெண் போடும் மதிப்பீட்டாளர்கள் அட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள். மழை வலுத்தது. மேலே அணையைத் திறந்துவிட்டார்கள், உடனே மேட்டுக்குப் போங்கள் என்று எல்லோருடைய செல்போனுக்கும் ஒரு செய்தி வந்தது. சராசரி ஒத்திகைக்காக எழுதிய நாடகத்திலும் இதே வசனம் இருந்தது. அதனால் துணைவேந்தர் செய்தியைப் படித்துவிட்டு, சரியான நேரத்துக்கு அனுப்பியிருக்கிறீர்கள் என்று சராசரியைப் பாராட்டினார். சராசரி குழம்பிப் போய்த் தன் கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய செய்தி போக இன்னும் நேரம் இருந்தது.

இந்த விஷயத்தை முதலில் புரிந்துகொண்டவர் என் வீட்டுக்காரர்தான். முதுகு நனைந்து விழித்திருக்கிறார். விரிப்பு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்ததாம். மைதானத்தின் ஆற்றுப் பக்கச் சுவருக்கு அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் நுரை கட்டி வருவதைப் பார்த்தார். கழுத்தில் ‘இறந்தவர்’ அட்டை ஆடப் பிணம் எழுந்து பந்தலை நோக்கி ஓடி வந்தது.

“இது நெசத் தண்ணி சார். எந்திரிங்க.”

ஒரு மதிப்பீட்டாளர் அவரிடம், செத்தவர் பேசக் கூடாது என்று சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் சுவர் விழுந்தது.

அந்தச் சத்தத்தை எதோடு ஒப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பந்தல் மடிந்தது. நாற்காலிகள் கும்பலாக மிதந்து வந்தன. வாசலில் நின்ற கார்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தாமாகவே கிளம்பிப் போயின. மின்சாரம் போனது. எங்கள் குடியிருப்புதான் மைதானத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் மேட்டில் இருந்தது. எல்லோரும் இங்கே ஓடி வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் படிக்கட்டெல்லாம் ஈரக்கால்கள், என் கூடமெல்லாம் பேராசிரியர்கள். என் சோபாவில் துணைவேந்தர் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போர்த்திக்கொள்ள என் புடவை ஒன்றைக் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் போர்த்திக்கொண்டார்.

சராசரி கதவோரம் நின்று வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காணாமல் போன மாணவி தண்ணீர் காலைத் தொட்டதுமே ஒளிந்த இடத்திலிருந்து ஓடி வந்துவிட்டாள். இயற்பியல் உதவியாளர் மொட்டை மாடித் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தவர், அங்கிருந்தே கையசைத்தார். அக்கா வரவில்லை.

அவளுடைய தம்பி வந்தார். இங்கேயே வரலாறு சொல்லிக்கொடுக்கிறார். எல்லாம் முடிந்த பிறகு தேதி சொல்வதுதான் எங்கள் வேலை என்று தன்னையே கேலி செய்துகொள்ளும் ஆள். இடுப்பு வரை சேறு.

“அத்தான், அக்கா எங்க?”

சராசரி அவருக்குப் பின்னால் வந்தவர்களின் முகத்தைப் பார்த்தார்.

“எங்க ஒளிஞ்சாள்னு கேக்கிறேன்.”

“தெரியாது.”

“தெரியாதுன்னா?”

“தெரியக் கூடாதுன்னுதான்…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று கூடத்தில் யாருக்கும் தெரியவில்லை.

அவளுடைய செல்போனை எடுத்துவர ஒருவர் எழுந்தார். அது மற்ற போன்களோடு பந்தலில் ஒரு பெட்டியில் இருந்தது, பந்தல் இப்போது எங்கே இருக்கிறதோ. சராசரி என் மேசையிலிருந்த பென்சிலை எடுத்து என் வீட்டுச் சுவரிலேயே வளாகத்தின் படத்தை வரைய ஆரம்பித்தார். ஒவ்வொரு கட்டடத்துக்கும் பக்கத்தில் ஒரு பின்னம். அவள் போகக்கூடிய வாய்ப்பு இவ்வளவு, அங்கே தண்ணீர் ஏறியிருக்கக்கூடிய அளவு இவ்வளவு என்று முணுமுணுத்தார். கோடெல்லாம் புழுப்போல் நெளிந்தது. எனக்குச் சுவரைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

தம்பி பென்சிலைப் பிடுங்கினார்.

“இருக்கிறது ஒரு அக்கா, அத்தான். இதுல கால்வாசி முக்கால்வாசி எல்லாம் கிடையாது. கிளம்புங்க.”

அப்போதுதான் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். குடியிருப்பில் யார் எந்தப் பக்கம் போனார்கள் என்று யாரிடம் கேட்பது என்பது அவர்களுக்குத் தெரியாதா? நூலகத்துப் பாதையில் திரும்பினாள், என் கண்ணால் பார்த்தேன், எனக்குக் கையாட்டிவிட்டுப் போனாள் என்று சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

துணி காயப்போடும் கயிறுகளை அறுத்து முறுக்கிக்கொண்டு இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள். பால்கனியிலிருந்து இரண்டு தலைகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரும்பலகை ஒன்று அவர்களுக்குக் குறுக்கே மிதந்து போனது. நூலகத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர் மார்பளவு இருந்ததாம். அலமாரி அலமாரியாகத் தடவியிருக்கிறார்கள். ஊறிய புத்தகங்கள் வீங்கிப்போய் அலமாரியைப் பிளந்துகொண்டு மேலே விழுந்தனவாம். மேல்தளம், கழிப்பறை, மாடிப்படிக்கு அடி, எங்கும் இல்லை. கத்திக் கத்திக் கூப்பிட்டும் பதில் இல்லை.

இங்கே என் கூடத்தில் நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்துக் கையாட்டியது திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது. எத்தனையோ வருடமாக அவள் வெளியே போவதைப் பார்க்கிறேன். ஒருநாளும் நிமிர்ந்து கையாட்டியதில்லை. குடியிருப்பு முழுவதும் என்னிடம்தான் வந்து கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். நான் பார்க்க வேண்டும் என்றே அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாள். அப்புறம் நூலகத்தைச் சுற்றிக்கொண்டு வேறெங்கோ போயிருக்கிறாள். என் பேச்சை நம்பித்தான் அவர்கள் இரண்டு பேரும் அவள் இல்லாத இடத்தில் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் திரும்பி வந்தபோது தண்ணீர் எங்கள் மாடிப்படியின் முதல் படியைத் தொட்டிருந்தது. சராசரியின் ஒரு செருப்பைக் காணவில்லை, கண்ணாடியைக் காணவில்லை. படியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தார். யாரோ டீ கொடுத்தார்கள். குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்திருந்தார்.

அந்தப் படிக்கட்டில் மஞ்சள் மேல்சட்டை போட்ட மாணவர்கள் இருவர் பிஸ்கட்டைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தார்கள். பொறியியல் பிள்ளைகள். அதில் ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்தவன் கேட்டான்.

“யாரைத் தேடுறீங்க சார், நம்ம லைப்ரரி மேடத்தையா?”

சராசரி தலையாட்டினார்.

“அவங்களான்னு தெரியல. பழைய அரங்கத்துக்குப் பின்னாடி, மேடைக்குக் கீழ ஒரு ரூம் இருக்குல்ல, அதுக்குள்ள ஒரு ஆன்ட்டி கத்திக்கிட்டிருந்தாங்க. கதவ போட்டு அடிச்சாங்க. சூப்பரா நடிச்சாங்க சார்.”

தம்பி மெதுவாக எழுந்தார். “எப்ப?”

“தண்ணி வர ஆரம்பிச்சப்ப.”

“ஏன்டா திறக்கல?”

பையன் தம்பியைப் பார்க்கவில்லை. சராசரியைப் பார்த்துத்தான் சொன்னான்.

“அது எங்க பகுதி இல்லையே சார். அடுத்த பகுதியில கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் வெளிய நின்னு கை தட்டிட்டு வந்துட்டோம்.”

கீழே தண்ணீர் சுவரில் மோதிக்கொண்டிருந்தது. பையனுக்குத் தான் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்ததுபோல் முகம் வெளுத்தது. பிஸ்கட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

சராசரி அவனைத் திட்டவில்லை. டம்ளரைப் படியில் வைத்துவிட்டு அப்படியே தண்ணீருக்குள் நடந்தார். தம்பி பின்னால் பாய்ந்தார், அந்த இரண்டு பையன்களும் பாய்ந்தார்கள். என் வீட்டுக்காரர் எங்கிருந்தோ ஒரு கடப்பாரையைக் கொண்டுவந்து நீட்டினார். நீச்சல் தெரியாத மனிதர், கழுத்தில் இன்னும் அந்த அட்டையோடு கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அட்டையைக் கழற்றச் சொன்னேன். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

அங்கே நடந்ததைத் தம்பி பிற்பாடு சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன். மேடைக்கு அடியில் இருக்கும் அந்த அறை பாதி பூமிக்குள். பழைய திரைச்சீலை, உடைந்த நாற்காலி எல்லாம் போட்டு வைக்கும் இடம். நாலு படி இறங்கினால் வெளிப்பக்கம் திறக்கும் கதவு. முதலில் வந்த தண்ணீரே அந்தப் படிக்குழியை நிரப்பிக் கதவை அழுத்திவிட்டதால் உள்ளிருந்து தள்ள முடியாது, வெளியிலிருந்து இழுக்கவும் முடியாது. முங்கிப் போய்த் தாழ்ப்பாளைப் பிடித்து நாலு பேரும் இழுத்தார்கள். அசையவில்லை. சுவரில் இருந்த ஒற்றைச் சன்னலும் மூழ்கியிருந்தது. சராசரி சுவரில் காதை வைத்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். சத்தம் இல்லை. அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று தான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டதாகத் தம்பி சொன்னார்.

அப்படித் திரும்பியபோதுதான் தட்டுவது கேட்டிருக்கிறது. சுவரிலிருந்து இல்லை, அரங்கத்துக்குள்ளிருந்து. டொக், டொக் என்று, களைத்துப்போன தட்டு. அவள் உடைந்த நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஏறி, மேடைப் பலகையை அடியிலிருந்து முட்டிக்கொண்டிருக்கிறாள்.

அரங்கத்துக்குள் நீந்திப் போய் மேடையில் ஏறினார்கள். மேடை நனையவில்லை, அவள் மட்டும் அதற்கு அடியில். பலகைகளைக் கடப்பாரையால் நெம்பினார்கள். ஒட்டடைக்குச்சிப் பையன் கடப்பாரை தன் பக்கம் வரும்வரை பொறுக்காமல் நகத்தால் பிறாண்டினானாம், விரலெல்லாம் ரத்தம். ஒரு பலகை பெயர்ந்தது. உள்ளே தண்ணீர் பலகையிலிருந்து ஒரு சாண் கீழே இருந்தது. அந்தச் சாண் இடைவெளியில் அவள் முகம், அண்ணாந்தபடி.

அவளை என் வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள். உதடு நீலமாக இருந்தது. நெற்றி முழுக்கப் பலகையில் முட்டிய காயம். துடைத்துவிட்டு, கம்பளி போர்த்தி, என் கட்டிலில் படுக்க வைத்தோம். சராசரி தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டார். பேச வாயெடுத்தார், அழுகைதான் வந்தது. அவள் ஏதோ சொன்னாள். குரல் இல்லை. கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. வெறும் காற்றுதான் வந்தது. குனிந்து கேட்டேன்.

“கை தட்டினாங்க. கேட்டுச்சு.”

அவ்வளவுதான். அதைச் சொல்லும்போது அவள் கண்ணில் இருந்த திகிலை நான் குடியிருப்பில் யாரிடமும் சொல்லவில்லை. நான் சொல்லாமல் விட்ட விஷயம் அது ஒன்றுதான்.

பொழுது சாய்ந்தது. மழை விடவில்லை. தண்ணீர் ஏறுகிறதா நின்றுவிட்டதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இருட்டில் எல்லாம் ஒரே கறுப்பு. துணைவேந்தர் என் புடவையோடு சுவரில் இருந்த பின்னங்களையே வெறித்துக்கொண்டிருந்தார். படகு வரும் என்றார் ஒருவர். வரும் என்றார் இன்னொருவர்.

அப்போது வெளியே எங்கோ ஒரு குரல் கேட்டது. விடுதிப் பக்கமா, அதற்கும் அப்பாலா தெரியவில்லை. ஆணா பெண்ணா என்பதும் தெரியவில்லை. நீளமாக ஒரு கத்தல், அப்புறம் மழை, அப்புறம் இன்னொரு கத்தல். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காற்றாக இருக்கும் என்று யாரோ முணுமுணுத்தார். அது காற்றாக இருக்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். அந்தத் தண்ணீரில் இன்னொரு முறை யார் இறங்குவது?

அக்கா கட்டிலிலிருந்து எழுந்துவிட்டாள். கம்பளி தரையில் இழுபட நடந்து வந்து பால்கனிக் கம்பியைப் பிடித்தாள். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது, குரல் வரவில்லை. திரும்பி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் விரல் ஐஸாக இருந்தது.

“நீ கத்து.”

இந்தக் குடியிருப்பில் என் தொண்டையைப் பற்றி என்னென்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். கம்பியைப் பிடித்துக்கொண்டு இருட்டைப் பார்த்துக் கத்தினேன்.

“கேக்குது. உன் சத்தம் எங்களுக்குக் கேக்குது. நிறுத்தாத, கத்திக்கிட்டே இரு.”

பின்னால் படிக்கட்டில் கயிற்றை இழுக்கும் சத்தம் கேட்டது. சராசரியின் குரல், அப்புறம் அந்தப் பையனின் குரல். அக்கா என் தோளை விடவில்லை. குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தும்போதெல்லாம் விரலை அழுத்தினாள். நான் மறுபடி கத்தினேன்.